விளக்கு எரியும் சத்தம்

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்றது. மறுபடியும் திருப்பினேன். அந்த ‘டக்’கும் இல்லை.

விடிந்தும் விடியாத நேரம். எங்கள் தெருவில் தறிகள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அந்த அமைதியில் என் ஆம்னி வேன் செத்த கோழி மாதிரி அசையாமல் நின்றது. குனிந்து பார்த்தேன். ஸ்டியரிங் பக்கத்து லைட் ஸ்விட்ச் முதல் கட்டத்தில் இருந்தது. சின்ன லைட் இரண்டும் ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரியைக் குடித்து முடித்திருந்தன.

இளையரசனேந்தலில் ஒரு குடும்பம் பட்டுவேட்டியும் பட்டுச்சேலையுமாக எனக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்தது. ராயகிரிக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். ராகுகாலத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்குள் காலெடுத்து வைத்துவிட வேண்டும் என்று முந்தின நாளே ஆளாளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார்கள்.

டாக்சி ஸ்டாண்டுக்குப் போன் செய்து வேறு வண்டி அனுப்பச் சொன்னேன். அது இங்கிருந்து கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. அந்தச் சம்பந்தம் பிறகு தட்டிப்போனது. பையன் வேலையில் நிலைத்து நிற்காதவன், அதனால்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்த வீட்டில் இன்றைக்கும் என் பேட்டரியைத்தான் திட்டுகிறார்கள் என்று கேள்வி.

பொன்குடம்

சங்கரன்கோவில் ஸ்டாண்டில் நான் ஒருத்திதான் பெண். இந்தத் தொடரைப் போன வாரம் படித்தவர்களுக்கு அது தெரியும். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் கோமதி. இந்த ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு கோமதி உண்டு என்பதால் என்னை ‘ஆம்னி கோமதி’ என்பார்கள். வண்டி என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியன் ஓட்டியது. சர்க்கரை அவர் கண்ணைத் தின்றது. முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று. டிரைவர் போட்டு ஓட்டலாம் என்றார்கள். வந்த டிரைவர்கள் வண்டியையும் தின்றார்கள். ஆகவே நானே லைசென்ஸ் எடுத்தேன்.

அன்று காலை ஸ்டாண்டுத் தலைவர் முருகையா அண்ணாச்சி என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் சொல்லும்போதுதான் அதிகமாகக் கோபம் வருகிறது.

“என்னம்மா, மறுபடியும் லைட்ட அணைக்காம விட்டுட்டியா? ரெண்டாவது தடவ பாத்துக்கோ. ஒனக்கு மட்டுமா கெட்ட பேரு? ஸ்டாண்டுக்கே கெட்ட பேரு.”

“போன மாசம் ஒங்க வண்டியத் தள்ளித்தான அண்ணாச்சி ஸ்டார்ட் பண்ணுனோம்? நானும் ஒரு கை போட்டுத் தள்ளுனேம்லா?”

“அது வேற. நமக்கு ஆயிரம் சோலி. மறந்துபோகும். பொம்பளைக்கு மறதின்னா அது வேற மாதிரி. சவாரிக்காரன் பயப்படுவாம்லா? இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா வண்டிய ஒரு டிரைவர்கிட்ட விட்டுரு. இல்லன்னா இடத்த விட்டுரு. நான் மட்டும் சொல்லல, எல்லாரும் சேந்துதான் சொல்லுதாவ.”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அந்தப் பழமொழியை மாமியார்களுக்காக மட்டும் யாரோ சொல்லிவைத்தார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். டாக்சி ஸ்டாண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. முந்தின நாள் நான் வீட்டுக்கு வந்தது வெயில் சாய்வதற்கு முன்னால். லைட்டே போடவில்லை. போடாத விளக்கை எப்படி அணைக்க மறந்தேன்? ஆனால் வேப்பமரத்தடியில் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மறதிக்காரி என்ற பெயரோடு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு கட்டம், இரண்டு கட்டம்

இங்கே டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தியில் முதன்முதலாக லைட் போடும்போது ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பேருந்து ஓட்டுகிறவரும் செய்வார், லோடு ஆட்டோ ஓட்டுகிறவரும் செய்வார்.

என் வீட்டுக்காரர் அதில் ஒரு படி மேல். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டியிலும் விளக்கு எரிய வேண்டும். போட்ட விளக்கை உடனே அமர்த்தவும் கூடாது. கொஞ்ச நேரம் நின்று எரிய வேண்டும். கல்யாணமான புதிதில் வெள்ளை அம்பாசிடர் வைத்திருந்தார். ஒரு நாள் அந்தியில் நான் பின் சீட்டில் உட்கார்ந்து, “லைட்ட அணைச்சிட்டு வாங்க, பசிக்கி” என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி முழுவதும் என்னோடு பேசவில்லை. விளக்கு எரியும்போது ‘அணை’ என்று சொல்லலாமா, ‘அமர்த்து’ என்றல்லவா சொல்ல வேண்டும் என்று கோபம்.

கண் போன பிறகு, “ஏட்டி, வண்டிக்கு விளக்குப் போட்டியா?” என்று அந்தியில் கேட்பார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, “வீட்ல வச்சாச்சு, அது போதும்” என்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். சரி, மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

வேப்பமரத்தடிப் பஞ்சாயத்து முடிந்த வாரத்திலேயே ஒரு நாள், வண்டியில் விட்டிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கலாம் என்று அந்தியில் வெளியே வந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. கோவில் ஒலிபெருக்கியில் பாட்டு. அந்த இரண்டும்தான் அவருக்கு அந்தி.

வண்டிக்குள் அவர் இருந்தார். டிரைவர் சீட்டில். வண்டி எப்போதும் பக்கத்துத் தறிக்கூடத்துச் சுவரைப் பார்த்து நிற்கும். அந்தச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சம் இரண்டு வட்டமாக விழுந்திருந்தது. அவர் ஸ்டியரிங்குக்கு நேராகக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். தறிக்கூட ஜன்னலில் யாராவது பார்க்கிறார்களா என்ற கவலை அவருக்கு இல்லை. நான் நிற்பதும் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை ஸ்விட்சுக்குக் கொண்டுபோனார். ஒரு கட்டம் பின்னால் திருப்பினார். ‘கிளிக்’. சுவரில் இருந்த வட்டங்கள் போய்விட்டன. கதவைச் சாத்திவிட்டு, கையால் வண்டியைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

சின்ன லைட் எரிந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய பழைய அம்பாசிடரில் ஒரே தள்ளு, விளக்கு அமர்ந்துவிடும். அந்தக் கணக்கிலேயே கை பழகியிருக்கிறது. ஆம்னியில் இரண்டு கட்டம். கண் இருந்தவரை மிச்சத்தைக் கண் பார்த்துக்கொண்டது. ராத்திரிச் சவாரி இருந்த நாட்களில் நானே திரும்பி வந்து முழுக்க அமர்த்தியிருப்பேன்; சவாரி இல்லாத இரண்டு ராத்திரியில்தான் பேட்டரி செத்திருக்கிறது.

சொல்லாதது

அவரிடம் போய், “நீங்கதான்” என்று சொல்லியிருக்கலாம். ஸ்டாண்டில் போய், “நானில்லை, அவர்” என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லவில்லை.

கண் போன நாளிலிருந்து அவரிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்கள். மொபெட்டை அவர் தம்பி வாங்கிக்கொண்டான். நெருப்பு ஆகாதென்று சொல்லித் தீப்பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற வேலையை இன்னொருவர் வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்தது இந்த ஒரு கும்பிடு. அதையும் வாங்க எனக்குக் கை வரவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி என் பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் இடத்தை விட்டுக்கொடுக்க மட்டும் மாட்டேன்.

நானே பிறகு போய் அமர்த்திவிடலாமே என்று கேட்பீர்கள். சில நாள் அதைத்தான் செய்தேன். கண் தெரியாதவர் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால், ஒரு நாள் அசந்து தூங்கினால், மூன்றாவது தடவை வந்துவிடும். வண்டியே வாய் திறந்து சொன்னால் என்ன என்று தோன்றியது.

மைதீன் பாய் கடை

ராஜபாளையம் ரோட்டில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவர் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர். சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அதை நாம் மறந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார்.

“என்னக்கா, திரும்பவும் பேட்டரி மவுத்தா?”

“இல்ல பாய். சாவிய எடுத்தப் பொறவும் லைட் எரிஞ்சா கத்துத மாதிரி ஒரு பஸ்ஸர் வைக்கணும்.”

“சவூதில இதெல்லாம் கம்பெனியிலயே வந்துரும். இங்க வந்து கேட்ட மொத ஆளு நீங்கதான். மறதின்னா வல்லாரைக் கீரை தின்னா போதாதாக்கா?”

“வண்டிக்கு வல்லாரை ஊட்ட முடியுமா பாய்? சொன்னதச் செய்யுங்க.”

ரிவர்ஸ் எடுக்கும்போது பாடுகிற ஹாரன்களை எடுத்துப் போட்டார். ஒன்று பக்திப் பாட்டு. ஒன்று குழந்தை அழுகிற சத்தம். எதுவும் வேண்டாம், ஒரே சத்தம், ஆனால் உரத்த சத்தம் என்றேன். எங்கள் தெரு தறித்தெரு. இடி இடித்தாலே இரண்டாவது இடிக்குத்தான் திரும்பிப் பார்ப்போம்.

முதல் தடவை தப்பாக மாட்டிவிட்டார். லைட் எரிந்தாலே கத்துகிறது, வண்டி ஓடும்போதும் நிற்கவில்லை. சோதித்துப் பார்க்கிறேன் என்று தேரடி வரை ஓட்டிக்கொண்டு போனேன். ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஜனங்கள் வழி விட்டார்கள். ஒரு போலீஸ்காரர்கூட ஒதுங்கி நின்றார். திரும்பி வந்து பாயைப் பார்த்த பார்வையில் அவர் சவூதியை மறந்தார்.

பிறகு சரியாக மாட்டினார். ஒரு ஒயர் சின்ன லைட் பக்கம், இன்னொரு ஒயர் சாவி பக்கம். சாவி போட்டிருந்தால் இரண்டு பக்கமும் கரண்ட் வரும், பஸ்ஸர் வாயை மூடிக்கொண்டிருக்கும். சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிந்தால் கத்தும். விளக்கு முழுக்க அமர்கிற வரை விடாது.

மாட்டு மணி

அவரிடம் முன்கூட்டியே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு அரிசி களைந்தேன். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸர் அலறியது. தறிச் சத்தத்தையும் மீறி அலறியது. நாய்கள் குரைத்தன. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் வண்டிக்குள் இரண்டு கையாலும் ஸ்விட்சைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டி அமர்த்தினேன்.

பக்கத்து வீட்டு சுப்புலட்சுமி மதினி வாசலில் விளக்கும் கையுமாக நின்றாள். “விளக்கு வைக்கிற நேரத்துல என்ன கோமதி இது ஒப்பாரி? லெச்சுமி எப்பிடி வீட்டுக்குள்ள வருவா?”

“ஒங்க தறிச் சத்தத்தத் தாண்டி வாரவ இதுக்கா பயந்துருவா மதினி?” என்றேன்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் கேட்டார்.

“என்னட்டி அது?”

“லைட் எரிஞ்சா கத்தும்.”

“அப்ப நாந்தான் அமத்தாம விட்டேனா? ரெண்டு தடவையுமா?”

“ஆமா.”

“ஊர்ல பூரா நீ மறந்துட்டேன்னுல்லா சொல்லுதானுவ?”

“சொல்லட்டும்.”

“ஏன் எம் பேரச் சொல்லல?”

அவர் கட்டிலின் விளிம்பைத் தேடி உட்கார்ந்தார். “அதுக்கு எனக்கு மணி கட்டிட்டே. மேச்சலுக்குப் போற மாட்டுக்குக் கட்டுத மாதிரி. எங்க போறாம்னு சத்தம் கேக்கட்டும்னு.”

“ஒங்களுக்குக் கட்டல. வண்டிக்குக் கட்டுனேன்.”

“வித்துரு. அந்த வண்டிய வித்துரு.”

மறுநாள் அந்தியில் அவர் வெளியே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பாங்கு கேட்கும், பாட்டு கேட்கும், அவர் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருப்பார். வண்டி காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. ஸ்டாண்டில் மெச்சிக்கொண்டார்கள்.

வீம்புதான் எனக்கு. நானே போய் விளக்கைப் போட்டேன். சாவி போடாமல். கத்தட்டும் என்று விட்டேன். மதினி எட்டிப் பார்த்தால் நானும் எட்டிப் பார்த்தேன். அவர் போடுகிற அளவு நேரம் கத்தவிட்டு, பிறகு அமர்த்திவிட்டு வந்தேன். தினமும் செய்தேன். பஸ்ஸர் கத்தும்போது, உள்ளே நாற்காலியில் அவர் முட்டியைத் தடவுகிற கை நின்றுவிடும். வாசல் வழியாக அதைப் பார்த்துவிட்டேன்.

விலை கேட்டு வந்தவர்

‘வித்துரு’ என்ற சொல் எப்படியோ அவர் தம்பி காதுக்குப் போய்விட்டது. நல்ல காரியங்களுக்குப் பத்துத் தடவை போன் போட்டாலும் எடுக்காத என் கொழுந்தன், குருவிகுளத்திலிருந்து ஓர் ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வந்தவர் டயரைத் தட்டிப் பார்த்தார். பக்கக் கதவை இழுத்து இழுத்து மூடினார். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் பக்கக் கதவில் சாய்ந்து நின்றேன்.

“மதினி, சாவியக் குடுங்க. ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்லா.”

“வண்டி விக்கிறதுக்கில்ல.”

“அண்ணனே விக்கச் சொல்லிட்டான். நீங்க எதுக்குக் குறுக்க நிக்கிய? எத்தன நாளைக்கு இப்பிடி ஸ்டாண்டுல ஆம்பளைக மத்தியில நின்னு பேச்சு வாங்கப் போறிய?”

“பேச்சு வாங்குதது நான். ஒங்களுக்கு ஏன் வலிக்கி?”

அவன் என் கையைத் தாண்டிக் கதவைத் தொட்டான். நான் நகரவில்லை. அந்த நேரத்தில்தான் பாங்கு சொன்னார்கள்.

வாசலில் காலடிச் சத்தம். அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். பிறகு வண்டியைத் தடவிக்கொண்டு வந்தார். என் தோள் அவர் கையில் பட்டது. “தள்ளு ஏட்டி” என்றார். தள்ளி நின்றேன். ஏறி உட்கார்ந்தார்.

இரண்டு கட்டம் திருப்பினார். சுவரில் வெளிச்சம் விழுந்தது. பஸ்ஸர் தெரு முழுக்க அலறியது. கொழுந்தன் காதைப் பொத்தினான். வாங்க வந்தவர் ஓரடி பின்னால் போனார். என் வீட்டுக்காரர் மட்டும் கைகூப்பியபடி அசையாமல் இருந்தார். அவ்வளவு நேரம் அவர் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு கையை ஸ்விட்சுக்குக் கொண்டுபோய் ஒரு கட்டம் திருப்பினார். சத்தம் நிற்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு கட்டம் திருப்பினார். நின்றது.

“ஏட்டி கோமதி” என்றார். “இத்தன நாளா இது எரியுதா இல்லையான்னே தெரியாமத்தான் கும்பிட்டுட்டுக் கெடந்தேன். இருட்டுக்குத்தான் கும்பிடுதேனோன்னு இருக்கும். நீ தெனமும் போட்டு விட்டியே, உள்ள இருந்து கேட்டேன். இப்பல்லா தெரியுது, எரியுதுன்னு.”

தெருவில் நின்றுகொண்டே அழுதேன். யார் பார்த்தால் என்ன?

வாங்க வந்தவரை நோக்கி, அவர் நின்ற திசை தப்பாமல், “தம்பி, வண்டி விக்கிறதுக்கில்ல. வந்தது வந்திய, காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

வேப்பமரத்தடி

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அவர் விடவில்லை. “நாளைக்கு என்னையும் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்றார். வேண்டாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

மறுநாள் சாயங்காலம் அவரை இடது சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். அவர் கூட ஓட்டியவர்கள்தான் பாதிப் பேர். சுற்றி வந்து நின்றார்கள். அவர் இறங்கவில்லை, ஜன்னல் வழியாகவே பேசினார்.

“வே முருகையா, லைட்ட அமத்தாம விட்டது நான். எம் பொண்டாட்டி இல்ல. ரெண்டு தடவையும் நாந்தான். இனிமே எவனாவது அவள மறதிக்காரின்னு சொன்னா, எங்கிட்ட வந்து சொல்லட்டும்.”

முருகையா அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “சொல்லிருக்கலாம்லாம்மா” என்றார் என்னிடம்.

“கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி” என்றேன்.

அந்தி இறங்கியது. வரிசையில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டன. அவரவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிவிட்டு நானும் போட்டேன்.

பஸ்ஸர் அலறியதில் ஸ்டாண்டே திடுக்கிட்டது. டீக்கடையில் கிளாஸ் பிடித்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். இடது சீட்டில் அவர் கைகூப்பினார்.

“ஏம்மா, காது போகுது. சாவிய மாட்டு, இல்லன்னா லைட்ட அமத்து” என்று அண்ணாச்சி கத்தினார்.

“இப்பத்தான போட்டிருக்கு? கொஞ்ச நேரம் எரியட்டும் அண்ணாச்சி” என்றேன்.

அவர் கையைக் கீழே இறக்கும்வரை நான் ஸ்விட்சைத் தொடவில்லை.